54 வயதில் நார்வே மலை ஏறலாமா? சர்க்கரையும் முட்டிவலியும் உள்ள வாசகருக்கு மருத்துவர் பதில்

பாளையங்கோட்டையில் இருக்கும் 54 வயது வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். மகள் நார்வேயில் பெர்கன் நகரில் வேலை பார்க்கிறாள். வருகிற ஜூன் முதல் வாரம் அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்து, அப்பாவை ட்ரோல்துங்கா பாறைக்கு நடத்திக் கூட்டிப்போக அவளுக்கு ஆசை. ஏரிக்கு மேலே சுமார் 700 மீட்டர் உயரத்தில், மலையிலிருந்து நாக்கை நீட்டியதுபோல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பாறை அது. அதன் நுனியில் யாராவது உட்கார்ந்திருக்கும் படத்தை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள்.

வாசகருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை, ஐந்து வருடமாகப் பிரஷர். காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி.யும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, இரவில் மெட்ஃபார்மின் மட்டும், அதோடு டாபாக்லிஃப்ளோசின் 10 மி.கி., பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 7.6. உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. வ.உ.சி. மைதானத்தில் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார். மாடிப்படி இறங்கும்போது வலது முட்டி வலிக்கிறது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ஒரு கணம் கண் இருட்டுகிறது. ஈ.சி.ஜி. நார்மல் என்று சொல்லிவிட்டார்களாம்.

அவருடைய திட்டம் இது: மூச்சு முட்டாமல் இருக்க நண்பர் கொடுத்த அசிட்டசோலமைடு மாத்திரை. முட்டிக்குக் கிளம்பும் முன்பே டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை ஒன்று. அன்றைக்குச் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சர்க்கரை இறங்கினால் சாப்பிடப் பையில் கால் கிலோ அல்வா. குளிருக்கு ஒரு வாய் பிராந்தி. மனைவி ஒரே பிடியாக “போகவே வேண்டாம்” என்கிறாராம். “டாக்டர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள அண்ணாச்சி,

போகலாம். ஆனால் ஜூன் முதல் வாரம் வேண்டாம், 28 கிலோமீட்டர் வழி வேண்டாம், பாறை நுனியில் காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம். இந்த மூன்றை விட்டுக்கொடுத்தீர்களானால் மற்றதைச் சரிசெய்ய உங்களுக்கு ஆறு மாதம் கிடைக்கிறது. அது போதும்.

முதலில் வழியைப் பற்றி. ஷெக்கெடால் என்ற இடத்தில் இருக்கும் கீழ் வாகன நிறுத்தத்திலிருந்து கிளம்பினால் போய்வர 27, 28 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 800 மீட்டர், பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம். அதற்கு மேலே மோகெலிடொப் என்ற இடத்தில் இன்னொரு நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து போய்வர 20 கிலோமீட்டர், ஏறக்குறைய எட்டு மணி நேரம். மேல் நிறுத்தத்தில் முப்பது கார்களுக்குத்தான் இடம், முன்பதிவு கட்டாயம். கிடைக்காவிட்டால் கீழிருந்து மேலே ஓடும் ஷட்டில் பஸ்ஸில் இருக்கை பதிவு செய்யலாம். மகள் எந்த வழியைக் கணக்கில் வைத்திருக்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இருபத்தைந்து வயதுக்காரர்கள் பெரும்பாலும் முதல் வழியைத்தான் நினைப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் மலை ஏறிய கணக்கில் வராது என்று யாராவது சொன்னால், முட்டியை அவரிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ் எடுத்தாலும் முதல் சில கிலோமீட்டருக்குள்ளேயே நல்ல செங்குத்து வரும். அதன் பிறகும் பாதை சமமாக ஓடாது, ஏறி இறங்கி ஏறித்தான் போகும்.

ஜூன் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான் வழிகாட்டி இல்லாமல் போகிற காலம். அதிலும் ஜூன் முதல் பாதியில் மேல்பகுதியில் பனி கிடப்பது சகஜம். பனியில் கால் புதைந்து புதைந்து எடுத்து நடந்தால் அதே தூரத்துக்கு உழைப்பு கூடிவிடும். வெயில் பட்டு இளகிய பனிக்கு அடியில் நீரோடை ஓடுவதும் மேலிருந்து தெரியாது. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் ஒரு நாளைப் பாருங்கள். போய் இறங்கிய மறுநாளே மலைக்கு வேண்டாம், நாலைந்து நாள் கழித்துப் போங்கள். அதிலும் மழை இல்லாத நாளைத் தேர்ந்தெடுக்க இரண்டு நாள் கூடுதலாக வைத்திருங்கள்.

உயரத்தைப் பற்றிய பயம்

நண்பர் கொடுத்த அசிட்டசோலமைடைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலை நோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். இந்தப் பாதை 1200 மீட்டரைத் தொட்டு இறங்குகிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 2100 மீட்டர், ஊட்டி 2240. நம் பொதிகை மலை உச்சியே 1868 மீட்டர். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி வந்தபோது உங்களுக்கு மூச்சு முட்டவில்லை என்றால் அங்கேயும் காற்று போதாமல் போகாது. அந்த மாத்திரை சிறுநீரை அதிகம் போகச்செய்யும்; ஏற்கெனவே சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாக்லிஃப்ளோசின் எடுக்கிற உங்களுக்கு உடம்பில் நீர் வற்றுவதற்கு இன்னொரு காரணம் தேவையில்லை.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் வருகிறது. அங்கே ஏற்றத்தில் உங்களுக்கு மட்டும் மூச்சு இளைத்து, ஐந்து நிமிடம் நின்றும் அடங்கவில்லை என்றால், “உயரம்தானே” என்று தள்ளிவிடக் கூடாது. அந்த உயரத்தில் அப்படி ஆகாது. ஒன்று பயிற்சி போதவில்லை, இல்லையென்றால் இதயம்.

இதயமும் தலைச்சுற்றலும்

ஈ.சி.ஜி. படுத்திருக்கும்போது எடுத்தது. ஏறும்போது இதயம் எப்படி நடந்துகொள்ளும் என்று அது சொல்லாது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு இருந்தும் நெஞ்சுவலியே வராமல் போகலாம். வழக்கத்துக்கு மாறான களைப்பும் மூச்சிளைப்பும்தான் வரும். அதனால் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும், ஓடும் பட்டையில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. பார்க்கும் ட்ரெட்மில் டெஸ்டும் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். வழக்கமாகச் செய்யும் புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும். நீங்கள் ஒன்பது நிமிடத்தைத் தாண்டி, அதுவரை ஈ.சி.ஜி.யில் மாற்றமும் இல்லாவிட்டால், இந்த ஏற்றத்துக்கு அடிப்படைத் தாக்குப்பிடிக்கும் சக்தி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆறு நிமிடத்தில் மூச்சு வாங்கி நிறுத்தினால் பதற வேண்டாம், மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு இதயநோய் மருத்துவர் சொன்னால் திரும்ப எடுக்கலாம். ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தால் கதை வேறு, பயணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

எழுந்தவுடன் கண் இருட்டுவதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயமாகப் படுவது அதுதான். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடமும் மூன்றாவது நிமிடமும் ஒவ்வொரு முறை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், நின்றவுடன் பிரஷர் விழுகிறது என்று பொருள். நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதாலும் வரும். டெல்மிசார்டனும் டாபாக்லிஃப்ளோசினும் சேர்ந்து இறக்குவதாலும் வரும். பல சமயம் மாத்திரை அளவையோ நேரத்தையோ மாற்றினாலே சரியாகிவிடும். ஆனால் அதை மாற்றுவது உங்கள் மருத்துவர் வேலை, நீங்களாக நிறுத்தக் கூடாது.

இதைச் சொல்லக் காரணம் அந்தப் பாறைதான். அதில் கைப்பிடி கிடையாது, வேலி கிடையாது. ஐந்து மணி நேரம் நடந்து, நீர் குறைந்து, பசியோடு போய் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுப் பத்து நிமிடம் படத்துக்குச் சிரித்துவிட்டு எழுந்திருக்கிறீர்கள். அந்த ஒரு கணத்தில் கண் இருட்டினால்? வீட்டில் என்றால் கட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம். பாறையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் படம் அதே படம்தான்; தூரத்திலிருந்து எடுப்பதால் நுனிக்கும் நடுவுக்கும் வித்தியாசமே தெரியாது. எழும்போது முதலில் முட்டிபோட்டு, அப்படியே நாலைந்து தடவை மூச்சு விட்டு, பிறகு நில்லுங்கள். மகள் கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம்.

சர்க்கரை: மாத்திரையும் அல்வாவும்

“எல்லா மாத்திரையையும் நிறுத்துவேன்” என்பது தவறு, “எதையும் மாற்ற மாட்டேன்” என்பதும் தவறு. உங்கள் மூன்று சர்க்கரை மருந்தும் மூன்று விதமாக வேலை செய்கின்றன.

கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்கவைப்பது. நீங்கள் சாப்பிட்டீர்களா, ஏழு மணி நேரம் நடந்தீர்களா என்று அது பார்க்காது. நீண்ட நடையில் சர்க்கரை தாழ்வதற்கு முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மலை நாளன்று இதைக் குறைக்கவோ விடவோ வேண்டியிருக்கும். ஆனால் உங்களுடையது கூட்டு மாத்திரை, பாதியாக உடைத்தால் மெட்ஃபார்மினும் பாதியாகிவிடும், சில வகைகளை உடைக்கவே கூடாது. ஆகவே இப்போதே மருத்துவரிடம் சொல்லித் தனித்தனி மாத்திரையாக எழுதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடைகளில் பழகிப் பாருங்கள். டாபாக்லிஃப்ளோசினில் வேறு சிக்கல். சாப்பாடு குறைந்து, உடம்பு வற்றி, கடும் உழைப்பும் சேரும்போது சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். குமட்டல், வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று வரும். சர்க்கரை மீட்டர் 180 காட்டுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மூன்று நாள் நிறுத்துகிற அதே வழக்கத்தை இதற்கும் கடைப்பிடிக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் மெட்ஃபார்மின் தானாகச் சர்க்கரையைத் தாழ்த்திவிடாது, அது தொடரலாம். வாந்தி பேதி வந்தால் மட்டும் நிறுத்த வேண்டும்.

கிளம்பும்போது 100-க்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடக்கும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். பார்ப்பதற்கு முன் விரலைத் தண்ணீரில் கழுவ வேண்டும். கடலை மிட்டாய் தின்ற பிசுக்கு விரலில் இருந்தால் 70 இருப்பது 140 என்றுகூடக் காட்டலாம். குளிரில் மீட்டர் வேலை செய்யாமல் பிழை காட்டும், அதனால் பைக்குள் போடாமல் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். மணிக்கு ஒரு முறை கொஞ்சம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்: இரண்டு பேரீச்சம்பழம், அல்லது கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒன்றிரண்டு, மதியத்துக்குச் சப்பாத்திச் சுருள். வழியில் கடை கிடையாது.

அல்வா விஷயத்துக்கு வருகிறேன். திருநெல்வேலிக்காரர் பையில் அல்வா இருப்பதில் தவறே இல்லை, சர்க்கரை இறங்கியபோது அதை மருந்தாக நம்புவதுதான் தவறு. அதில் இருக்கும் நெய், இனிப்பு குடலில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். கை நடுங்கி, வேர்த்து, பேச்சு குழறும்போது உங்களுக்குத் தேவை பத்து நிமிடத்தில் ரத்தத்துக்குப் போகிற இனிப்பு. 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைச் சிறு பொட்டலங்களாக ஆறு கட்டி, மூன்று உங்களிடமும் மூன்று மகளிடமும் இருக்கட்டும். 70-க்குக் கீழே போனால் ஒரு பொட்டலம் தண்ணீரில் கலக்கிக் குடித்து, உட்கார்ந்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொன்று. ஏறியபின் சப்பாத்தி. வோக்ளிபோஸ் கலந்த மாத்திரை எடுக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒன்று: உங்களுக்குச் சாதாரணச் சீனி மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸ்தான் வேண்டும். போகட்டும், பால் பொருள்களை இந்தியாவிலிருந்து நார்வேக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, நெய் அல்வா விமான நிலையத்திலேயே பிரச்சினை ஆகலாம்.

மலையிலிருந்து இறங்கியபின் அன்றிரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கும். தசைகள் தீர்ந்த சர்க்கரையை நிரப்பிக்கொள்ள ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டு, படுக்கும் முன்னும் அதிகாலை மூன்று மணிக்கும் ஒரு முறை பாருங்கள். பிராந்தியை இதனால்தான் வேண்டாம் என்கிறேன். குடித்தால் ஈரல் சர்க்கரையை வெளிவிடாது. தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடாகத் தெரிந்தாலும் உடம்புச் சூடு வெளியேதான் போகிறது.

முட்டி, வலி மாத்திரை, பயிற்சி

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி போகும். இறங்குகையில் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். அந்தத் தசை பலவீனமாக இருந்தால் மொத்த அதிர்வும் முட்டிச் சில்லுக்குப் பின்னால் விழுகிறது. மைதானத்தில் எத்தனை சுற்று நடந்தாலும் அந்தத் தசைக்கு வேலையே இல்லை. உங்கள் முக்கால் மணி நடை நல்ல பழக்கம், ஆனால் இதற்கான தயாரிப்பு ஆகாது.

முன்கூட்டியே டைக்ளோஃபெனாக் போடுவது உங்களுக்கு ஆபத்து. டெல்மிசார்டன் எடுப்பவர், உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ போட்டால் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் அழுத்தம் இரண்டு பக்கமிருந்தும் குறைகிறது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஒரே நாளில் ஏறிவிடலாம். வலி வந்தால் பாரசிட்டமால் 650 மி.கி. போதும், முட்டிக்கு மேலே வலி ஜெல் தடவலாம். அதற்கும் அடங்காத வலி திரும்பி வரச் சொல்லும் வலி.

ஆறு மாதத்தில் ஆறு கிலோ குறையுங்கள், வாரத்துக்குக் கால் கிலோ. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ சுமை குறையும். வாரத்தில் இரண்டு நாள் தொடைப் பயிற்சி: சுவரில் முதுகு சாய்த்து அரை நாற்காலிபோல் முப்பது விநாடி; ஓரடிக்கும் குறைவான படியில் நின்று, ஒரு காலை முன்னே இறக்கிக் குதிகால் தரையைத் தொடும் வரை மூன்று எண்ணி மெதுவாக இறங்கி, மேலே வருவது. பக்கத்துக்குப் பத்து, மூன்று தடவை. முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக நிற்க வேண்டும், அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறாக நூறு செய்வதற்கு ஒழுங்காக இருபது மேல்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடை. ஆறு கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டி, நாலாவது வாரம் குறைத்து, ஜூன் கடைசிக்குள் பதினெட்டைத் தொட வேண்டும். முதுகுப்பையில் முதலில் இரண்டு கிலோ, கடைசியில் ஐந்து. எங்கே நடப்பது? தார் ரோடு மட்டும் போதாது. நார்வேப் பாதை முழுக்கக் கல்லும் சேறும் ஈரப் பாறையும். கணுக்காலுக்குப் பழக்கம் வேண்டும். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் வாய்க்கால் கரைகளும் வயல் வரப்புகளும் இதற்கு அருமை. நன்றாக விடிந்தபின் போங்கள், இருட்டில் வரப்பில் பாம்பு கிடக்கும். ஏற்றத்துக்குப் பண்பொழி திருமலைக் கோவில். படிக்கட்டில் செருப்பில்லாமல்தான் போகவேண்டும் என்ற பக்தி இருந்தால், சர்க்கரைக்காரருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பத்து மணிக்கு மேல் வெயிலில் காய்ந்த கல்லில் நடந்து பாதத்தில் கொப்புளம் போட்டு, உணர்ச்சி குறைந்ததால் மறுநாள்தான் கவனித்து வருகிறவர்கள் உண்டு. நீங்கள் வண்டி ஏறும் ரோட்டில் ஷூவோடு அதிகாலையில் ஏறி இறங்குங்கள். ஏற்றம் இரண்டு என்றால் இறக்கமும் இரண்டு, ஆட்டோவில் இறங்காதீர்கள்.

பாபநாசத்துக்கு மேலேயோ மாஞ்சோலைப் பக்கமோ காட்டுக்குள் நுழைந்து பழகலாம் என்று யாராவது அழைத்தால் போக வேண்டாம். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்; யானையும் கரடியும் உங்கள் பயிற்சி அட்டவணையைப் பார்க்காது. மலைநடை வேண்டுமென்றால் 2024-இல் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வெயிலில் காலை எட்டு மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். அந்த மாதங்களில் தூரம் கூடாவிட்டால் பரவாயில்லை, தொடைப் பயிற்சியை விடாதீர்கள்.

ஊன்றுகோல் இரண்டு வாங்குங்கள். ஏறும்போது முழங்கை செங்கோணத்தில் இருக்கும்படி வைத்து, இறங்கும்போது ஐந்து முதல் பத்து செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள், குறைந்தது எண்பது கிலோமீட்டர் அதிலேயே நடந்திருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவமனையில் மெல்லிய நைலான் நூலால் தொட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிடச் சோதனை, அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். விழித்திரைப் பரிசோதனை, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் மூன்றும் இந்த வருடம் பார்க்காவிட்டால் சேர்த்துப் பாருங்கள்.

குளிர்

நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும். ஆகஸ்டிலேயே மேலே பத்து டிகிரி, மழை, காற்று என்பது அங்கே சாதாரண நாள். ஆளை வீழ்த்துவது உறைபனி இல்லை, ஈரமும் காற்றும். பருத்தி பனியன் வேர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் நனைந்தால் ஈரச்சாக்கு. உள்ளே மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவே ஃப்ளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கை இழைச் சட்டை, மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும், தொப்பி, கையுறை, மாற்றுக் காலுறை. மழை ஜாக்கெட்டைக் குற்றாலச் சாரலில் இரண்டு மணி நேரம் போட்டு நடந்து பார்த்துவிடுங்கள். தையல் வழியாக நனைகிறதா என்று இங்கேயே தெரிந்துவிடும்.

எல்லாரும் மறக்கிற இடம் ஒன்று. கோடையில் பாறையில் படம் எடுக்க வரிசை நிற்கும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வேர்த்து வந்த உடம்போடு காற்றில் அசையாமல் நிற்பதால் அங்கேதான் நடுக்கம் ஆரம்பிக்கும். வரிசையில் சேரும் முன்பே உள்சட்டையை மாற்றி, எல்லாவற்றையும் போட்டு, சாப்பிட்டு, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். தடுமாறியபடி பேசுவது, கோட்டுப் பொத்தான் போட முடியாமல் விரல் மரத்துப்போவது எல்லாம் குளிரும் செய்யும், சர்க்கரை இறங்கினாலும் வரும். மீட்டர்தான் எது என்று சொல்லும்.

மலை நாளன்று

காலை ஏழு மணிக்குள் மேல் நிறுத்தத்தில் நடை தொடங்க வேண்டும். பாதையில் கிலோமீட்டர் பலகைகள் உண்டு, அதனால் வேகம் தெரியும். ஐந்து மணி நேரம் ஆகியும் பாறைக்கு வரவில்லை என்றால், ஒரு கிலோமீட்டர்தான் பாக்கி என்றாலும் திரும்பிவிடுவது. இதை இங்கேயே முடிவு செய்து மகளிடம் சொல்லிவிடுங்கள். மேலே போனபின் யாரும் சரியாக முடிவெடுப்பதில்லை. நார்வேக்காரர்களின் மலை விதிகளிலேயே, காலத்தோடு திரும்புங்கள், திரும்புவதில் அவமானம் இல்லை என்று இருக்கிறது. நீர் இரண்டு லிட்டர். குளிரில் தாகமே தெரியாது, அரை மணிக்கு ஒரு முறை குடிக்கப் பழகுங்கள். செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் இருக்காது. அங்கே மருத்துவ அவசர எண் 113, போலீஸ் அவசர எண் 112. வழியில் ஒதுங்க அவசரக் குடில்கள் உண்டு. அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று வரைபடத்தில் முதல்நாளே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

நெஞ்சில் இறுக்கம், இடது தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை வந்தால் நடையை அந்த இடத்திலேயே நிறுத்தி 113-ஐ அழையுங்கள். மெதுவாக இறங்கிவிடலாம் என்று முயற்சி செய்ய வேண்டாம்.

மருந்துகளைக் கைப்பையில், இரட்டிப்பு நாளுக்கு, கம்பெனிப் பெயராக இல்லாமல் மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டும் சேர்த்து எடுத்துப் போங்கள். கோடையில் நார்வே நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், உள்ளூர்ச் சாப்பாட்டு வேளைக்கு மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு கேட்பார்கள். ஆனால் விசாவுக்காக எடுக்கிற மலிவுக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயும் மலையேற்றமும் விலக்கப்பட்டிருக்கலாம். பிரீமியம் கட்டும் முன் இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். நோயை மறைத்து எடுத்த காப்பீடு தேவைப்படும்போது பணம் தராது.

மதினி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இப்போது இருக்கிற உடம்போடு, இப்போது போட்ட திட்டத்தோடு போனால் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஜூன் கடைசி வாரம் ஐந்து கிலோ பையோடு பதினெட்டு கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் நடந்து, மறுநாள் காலை மாடிப்படியில் நேராக இறங்க முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் ஸ்டவாங்கர் பக்கம் ப்ரைக்கெஸ்தோலன் இருக்கிறது: ஃபியோர்டு என்கிற, மலைகளுக்கு நடுவே நுழைந்த கடல் கிளைக்கு மேலே 604 மீட்டரில் மேடைபோல் விரிந்த பாறை, போய்வர எட்டு கிலோமீட்டர், நாலு மணி நேரம். அதற்கு மதினியையும் கூட்டிப்போகலாம். மதினியும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்களோடு வாய்க்கால் கரைக்கு வரட்டும், தனியாக நடப்பதைவிட அது நல்லது, சர்க்கரை இறங்கினால் முதலில் கண்டுபிடிக்கப்போவதும் அவர்தான்.

ட்ரெட்மில் டெஸ்ட் முடிவும், படுத்து நின்று பார்த்த பிரஷர் அளவுகளும் வந்தபின் உங்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து மாத்திரைத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், ஒரு நகல் மகளுக்கு அனுப்புங்கள். விமான டிக்கெட்டின் தேதியை மாற்றச் சொல்வதற்கு மட்டும் அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்று ராத்திரியே மகளுக்குப் போன் பண்ணிவிடுங்கள்.